மூன்றாவது துளை

கிளவ்ஷார் அதைத் தோளில் சாத்திக்கொண்டு வந்தார்,
துடுப்பு மாதிரி. இரண்டு மீட்டர் பீச் மரக் கம்பு,
நுனியில் ஆஸ்திரிய இரும்புத் தொப்பி, மல்லாந்து.
சாணிக்குழி அகப்பை.
சண்டை முடிந்து ஓடியவர்கள் விட்டுப்போனதை
அவர் தாத்தா இரண்டு ரிவிட் அடித்துக் கம்பில் பூட்டினாராம்.
தோல்மின் பக்கம் வீட்டுக்கு ஒன்று அப்படி இருந்தது.
எங்கள் வீட்டில் கோழிகள் தண்ணீர் குடித்தன.

நூறு கேட்டார். அறுபதுக்கு முடிந்தது,
ஒரு காப்பியும்.

கம்பைக் கழற்றி மூலையில் சாய்த்தேன்.
சோடா கரைத்த தொட்டியில் தலைகீழாக முக்கி
சார்ஜர் கம்பியைக் கவ்வவிட்டேன்.
மூன்று நாள் குமிழ் விட்டது.
துரு இறங்கி, தண்ணீர் ரசம்போல ஆனது.
ராடோ கணக்கு மேசையை
ஜன்னல் பக்கம் நகர்த்திக்கொண்டான்.

கிராஸ் நகரில் ஒரு வாடிக்கைக்காரர்,
ஓய்வுபெற்ற டிராம் ஓட்டுநர், எட்லிங்கர்.
படம் அனுப்பிய பத்தாவது நிமிஷம் பதில்:
"பதினேழாம் வருஷம் அக்டோபரில்
எப்படி இருந்ததோ அப்படி வேண்டும்."

எப்படி இருந்தது அக்டோபரில்?
இந்த இரும்பு சிப்பாயாக இருந்தது பத்து மாதம் என்று வை.
அகப்பையாக அறுபது வருஷம்.
அதையே கேட்டால் எந்த உத்தியோகத்தைச் சொல்லும்?
பழுப்புச் சாயத்தில் மரத்தூள் சலித்துக் கலக்கினேன்.
கேள்விக்கெல்லாம் மணிக்கூலி கிடையாது.

வாரும் உள்தோலும் புதிது. பழையதாக்க
தேயிலைத் தண்ணீர், வெயில்,
முழங்காலில் வைத்து இரண்டு ராத்திரி தேய்ப்பு.
ரிவிட்டின் துளைகள் இரண்டையும் வெல்டிங்கில் அடைத்தேன்.
மூன்றாவதைத் தொடக்கூடாது என்றார் எட்லிங்கர்.
இடது நெற்றிக்கு மேலே
நட்சத்திரம்போலக் கிழிந்து, உதடு உள்ளே மடங்கிய துளை.
"அதற்காகத்தானே வாங்குகிறேன்.
முந்நூறு சேர்த்தே தருகிறேன்."

போன வருஷம் வெரோனாக்காரர் ஒருவர்
துளை போட்டுத் தரச் சொன்னார்.
கதவிலேயே எழுதி ஒட்டினேன்:
துளை அடைப்போம். போடமாட்டோம்.

வெள்ளிக்கிழமை சந்தையில் கிளவ்ஷாரை விசாரித்தேன்.
சிரித்தார், மேல்வரிசைப் பல் இல்லாமல்.
எழுபத்தெட்டில், பதினோரு வயதில்,
அள்ளி அள்ளிச் சலித்துப்போய்
கடப்பாரையால் ஒரே குத்து.
அப்பா பெல்ட்டைக் கழற்றினார்.
மறுவாரம் பம்ப் வாங்கினார்.

ராடோ சொன்னான்: நாம் என்ன சொன்னோம்?
அவராகப் பார்த்தார், அவராகவே கண் கலங்கினார்.
கொதிகலனுக்கு இன்னும் எண்ணெய் நிரப்பவில்லை.
மலைமேலிருந்து பனி
கடன்காரன் நடையில் இறங்கிக்கொண்டிருந்தது.
ரசீதில் எழுதினேன்:
உள்தோல், வார், சாயம், துளை அடைப்பு இரண்டு.
மூன்றாவதைப் பற்றி ஒரு சொல் இல்லை.
தபாலாபீஸ் மிலோய்க்கா எடைபோட்டபடி
உள்ளே என்ன என்றாள்.
சட்டி என்றேன்.

ஜூலையில் ஒரு ராத்திரி போன்.
தினமும் சாப்பிட்டபின் அந்தத் துளையில்
சுண்டுவிரலை வைத்துக்கொண்டு உட்காருகிறாராம் எட்லிங்கர்.
பையனுக்குப் பெயர்கூட வைத்துவிட்டார், லியோபோல்ட்.
பதினெட்டு வயதுதான் இருக்கும் என்றார்.
பதினொன்று என்று தொண்டைவரை வந்தது.
வெயில் ஏறினால் இரும்பிலிருந்து
ஒரு வாடை கிளம்புகிறதாம்.
"பதுங்குகுழி வாடை, அம்மா.
நூறு வருஷமாகியும் போகவில்லை பாருங்கள்.
உங்களுக்கும் தெரிந்திருக்குமே?"

மூலையில் கம்பு
சாய்த்த இடத்திலேயே இருந்தது.
அந்தப் பக்கச் சுவரெல்லாம் அதே வாடை.
அவர் மலையைச் சொன்னார், மழையைச் சொன்னார்,
விடியுமுன் சத்தமில்லாமல் விழுந்த பையனைச் சொன்னார்.

நான் ம் கொட்டினேன்.